ஏழு வருட தெசலோனிக்கி: வெனிஸ் அதை விலைக்கு வாங்கியதா?

கேள்வி இது: "1423இல் வெனிஸ் தெசலோனிக்கி நகரத்தை ஐம்பதாயிரம் தங்கக் காசுக்கு வாங்கியது என்று படித்தேன். அவ்வளவு பெரிய கடல் வல்லரசு ஏழே வருடத்தில் அதை எப்படிக் கோட்டை விட்டது? அங்கே இருக்கும் வெள்ளைக் கோபுரம் வெனிசுக்காரர்கள் கட்டியதுதானா?"

முதலில் அந்த ஐம்பதாயிரம். அப்படி ஒரு விற்பனை நடக்கவில்லை. கதை பரவியதில் ஆச்சரியமும் இல்லை, ஏனென்றால் வெனிசுக்கு ஊர்களை விலைக்கு வாங்கும் பழக்கம் உண்மையிலேயே இருந்தது. 1409இல் நேப்பிள்ஸ் மன்னர் லாடிஸ்லாசிடம் ஒரு லட்சம் டுகாட் (வெனிசின் தங்கக் காசு) கொடுத்து டால்மேஷியக் கடற்கரை மீதான அவருடைய உரிமைகளை வாங்கிக்கொண்டது. அதற்கு முன்பே, 1388இல், ஆர்கோஸ், நாப்லியா ஊர்களின் வாரிசான ஒரு இளம் விதவையிடம் ஆண்டுத்தொகை பேசி அந்த ஊர்களின் உரிமையை எழுதி வாங்கியது. இப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் தெசலோனிக்கிக்குள் நுழைந்தால், "எவ்வளவுக்கு முடிந்தது?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

ஆனால் விஷயம் வெனிஸ் செனட்டின் தீர்மானங்களிலேயே இருக்கிறது. நகரத்தின் ஆளுநர் ஒப்படைக்க முன்வந்தார், நிபந்தனைகள் இவை, இரண்டு பிரதிநிதிகள் போகட்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். விலை என்று எதுவும் இல்லை. ஒரு டுகாட் செலவையும் குறித்துவைக்கும் மனிதர்கள் ஐம்பதாயிரத்தை எழுத மறந்திருக்க மாட்டார்கள். அப்போது அந்த நகரத்திலேயே இருந்த பேராயர் சிமியோன் இந்த ஒப்படைப்பை வெறுத்தவர், நடந்ததையெல்லாம் எழுதியும் வைத்தவர். ஊரை விற்றுவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. விற்றிருந்தால் அதைவிட நல்ல குற்றச்சாட்டு அவருக்குக் கிடைத்திருக்காது.

சரி, விலை இல்லாமல் ஒரு நகரத்தை ஏன் தூக்கிக் கொடுக்க வேண்டும்?

தெசலோனிக்கி என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது பைபிளில் பவுல் எழுதிய தெசலோனிக்கேயர் நிருபங்கள்தான். அதே ஊர்தான் இது. பைசாந்தியப் பேரரசில் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு அடுத்த நகரம். அட்ரியாட்டிக் கரையிலிருந்து கிழக்கே போகும் பழைய ரோமானியப் பெருவழி அதன் பக்கமாகத்தான் போகிறது. வடக்கே வர்தார் ஆற்றுப் பள்ளத்தாக்கு பால்கனின் உட்பகுதிக்கு வழி விடுகிறது. அந்த உள்நாட்டுத் தானியமும் கம்பளியும் தோலும் கடலுக்கு வந்து சேரும் வாசல் அது. ஊரின் காவல் தெய்வம் போலிருந்த புனித தெமேத்ரியசின் திருநாளை ஒட்டி அக்டோபரில் நடக்கும் சந்தைக்குப் பல தேசத்து வணிகர்கள் வருவார்கள்.

அந்த ஊரை உதுமானியத் துருக்கியர்கள் நான்கு வருட முற்றுகைக்குப் பிறகு 1387இல் ஒருமுறை பிடித்திருந்தார்கள். 1402இல் அங்காராவில் தைமூர் சுல்தான் பாயசித்தைத் தோற்கடித்துச் சிறைபிடித்ததும் அவர்கள் வீடு இரண்டாகியது. அடுத்த ஆண்டு நடந்த உடன்படிக்கையில் தெசலோனிக்கி பைசாந்தியருக்குத் திரும்பி வந்தது. அது சும்மா கிடைத்த அவகாசம். உதுமானியர்கள் சுதாரித்து எழுந்தபின் 1422இல் பாயசித்தின் பேரன் இரண்டாம் முராத் கான்ஸ்டாண்டிநோபிளையே முற்றுகையிட்டார். தெசலோனிக்கியையும் நிலப்பக்கம் அடைத்தார்கள். பேரரசரால் தலைநகரத்தைக் காப்பாற்றிக்கொள்வதே பெரும்பாடு, இரண்டாவது நகரத்துக்கு எங்கே போவார்?

நகரத்தை ஆண்டவர் பேரரசர் இரண்டாம் மனுவேலின் மகன் ஆண்ட்ரோனிகோஸ். சின்னப் பையனாக இருக்கும்போதே அனுப்பப்பட்டவர், 1423இல் இருபதைக் கொஞ்சம் தாண்டியவர், தீராத நோயாளி. பணமும் படையும் தானியமும் இல்லை. ஊருக்குள் ஒரு கூட்டம் துருக்கியருக்கே திறந்துவிடலாம் என்றது. இன்னொரு கூட்டம் வெனிசைக் கூப்பிடலாம் என்றது. பேராயர் சிமியோனுக்கு இரண்டுமே கூடாது. துருக்கியர் வேற்று மதம், வெனிசுக்காரர்கள் அவர் பார்வையில் வழிதவறிய லத்தீன் சபை. கடைசியில் ஆண்ட்ரோனிகோஸ் வெனிசைக் கூப்பிட்டார். ஊரைக் காப்பாற்றுங்கள், மக்களுக்கு உணவு கொடுங்கள், அவர்களுடைய சொத்து, வழக்கம், மதம் எதிலும் கை வைக்காதீர்கள் என்பதுதான் பேரம். பிறகு அவர் துறவியாகி 1429இல் இறந்துபோனார்.

வெனிஸ் ஒத்துக்கொண்ட நேரத்தையும் கவனிக்க வேண்டும். அந்த ஏப்ரலில்தான் டோஜ் தொம்மாசோ மொசெனிகோ இறந்தார். குடியரசின் தலைவரை அங்கே டோஜ் என்பார்கள். அவர் சாகும்முன், ஃபிரான்செஸ்கோ ஃபோஸ்காரியைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், போரில் கொண்டுபோய் விடுவார் என்று எச்சரித்ததாக ஓர் உரை உண்டு. அதை அவரே பேசினாரா, பின்னால் யாராவது எழுதிச் சேர்த்தார்களா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் சண்டை. எப்படியோ, பத்து நாள் கழித்து டோஜ் ஆனவர் ஃபோஸ்காரியேதான். ஜூலையில் செனட் தெசலோனிக்கியை ஏற்றது. செப்டம்பர் 14ஆம் தேதி சாந்தோ வெனியர், நிக்கோலோ ஜியோர்ஜியோ என்ற இரு பிரதிநிதிகளோடு கப்பல்கள் துறைமுகத்துக்குள் நுழைந்தன. புனித மாற்குவின் சிங்கக் கொடி ஏறியது, ஜனம் ஆரவாரம் செய்தது. கப்பலில் தானியமும் வந்திருந்தது என்பதை அந்த ஆரவாரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிறகு ஜியோர்ஜியோ நேரே சுல்தானிடம் தூது போனார். நாங்கள் எடுக்காவிட்டால் வேறு யாராவது கிறிஸ்தவர்கள் எடுத்திருப்பார்கள், அதனால்தான் எடுத்தோம் என்று சொல்லச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் எடுத்துவிடுவானே என்று நானே எடுத்து வைத்தேன் என்கிற மாதிரி. முராத் அவரைச் சிறையில் போட்டார். இது என் தாத்தா பிடித்த ஊர், கிரேக்கர்கள் வைத்திருந்தாலாவது அவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கும், இத்தாலியிலிருந்து வந்த உங்களுக்கு இங்கே என்ன வேலை என்பதுதான் அவர் பதிலின் சாரம். அடுத்த ஆறு வருடமும் அவர் இந்த ஒரே வாதத்திலிருந்து நகரவில்லை.

வெனிஸ் அப்படி இல்லை, மனதை மாற்றிக்கொண்டே இருந்தது. ஏன் இழந்தது என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கேதான் தொடங்குகிறது. போர் செய்வதா, கப்பம் கட்டிச் சமாதானமாய்ப் போவதா என்பதை அவர்கள் முடிவு செய்யவே இல்லை. ஒரு வருடம் பியேத்ரோ லொரேதானை அனுப்பி கலிப்போலிப் பக்கம் தாக்குவார்கள். இவர் 1416இல் அதே இடத்தில் உதுமானியக் கடற்படையை நொறுக்கியவர். அடுத்த வருடம் ஃபந்தின் மிக்கியேல் வந்து கசாண்ட்ரா தீபகற்பத்தைப் பிடித்துக் கொத்தளம் போடுவார். அதற்கடுத்த வருடம் தூதர் போய் ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆஸ்பர் தருகிறோம் என்பார். (ஆஸ்பர் உதுமானிய வெள்ளிக்காசு.) அந்தத் தொகை கொஞ்சம் கொஞ்சமாக ஏறி மூன்று லட்சத்துக்கு வந்தது. நடுவில், பாயசித்தின் மகன் முஸ்தபா நான்தான் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவரை வைத்து முராதுக்குக் குடைச்சல் கொடுக்கவும் பார்த்தார்கள். முறையாகப் போர் அறிவித்தது 1429இல், ஊர் போவதற்கு ஒரு வருடம் முன்பு. அதற்கும் காரணம், கடைசியாக அனுப்பிய தூதர் ஜாக்கோப்போ தாந்தோலோவை முராத் பிடித்து அடைத்ததுதான். அவர் சிறையிலேயே செத்தார்.

இந்த இழுபறிக்கு ஒரு காரணம் மேற்கே இருந்தது. 1426 முதல் ஃபோஸ்காரியின் வெனிஸ் மிலானுடன் நிலப்போரில் இறங்கிவிட்டது. காசும் கவனமும் லொம்பார்டிச் சமவெளிக்குப் போயின. தெசலோனிக்கிக்கு மிச்சம்தான் வந்தது.

அந்த மிச்சமே எவ்வளவு என்று பாருங்கள். நகரத்தைப் பராமரிக்க ஆண்டுக்குச் சுமார் 60,000 டுகாட் செலவானது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மொத்தச் செலவு இரண்டு மூன்று லட்சம் என்று சிலர் எழுதினார்கள், ஏழு லட்சத்துக்கு மேல் என்றும் ஒரு வெனிசுக்காரர் தன் நாட்குறிப்பில் எழுதினார். எதை எடுத்துக்கொண்டாலும், விற்பனைக் கதையில் வரும் ஐம்பதாயிரம் மொத்தச் செலவில் ஒரு சிறு பங்குதான். சும்மா கிடைத்த ஊர் விலைக்கு வாங்கியதைவிட அதிகம் கேட்டது.

வரவு ஏன் இல்லை? துறைமுகம் என்பது பாதி உடம்பு, உள்நாடு மறு பாதி. வர்தார் பள்ளத்தாக்கும் சுற்றியுள்ள வயல்களும் உப்பளங்களும் கிராமங்களும் முராதின் கையில் இருந்தன. நிலவழியாக ஒரு மூட்டை கோதுமை உள்ளே வராது, ஒரு கட்டுத் துணி வெளியே போகாது. வெனிஸ் வாங்க நினைத்த வியாபாரம் மதிலுக்கு வெளியே நின்றது, மதிலுக்கு உள்ளே இருந்தது பசித்த வயிறுகள் மட்டும். கோதுமை கிரீட்டிலிருந்தும் நெக்ரோபான்டே தீவிலிருந்தும் கப்பலில் வர வேண்டும். காற்று மாறினால் தாமதம், கிரீட்டில் விளைச்சல் குறைந்தால் தட்டுப்பாடு. கடலை ஆள்கிறவனால் ஒரு நகரத்துக்கு மாதா மாதம் ரேஷன் போட முடியும். அதன் வயல்களை மீட்டுக் கொடுக்கப் பெரிய தரைப்படை வேண்டும், வெனிசிடம் இருந்த தரைப்படையோ மிலானோடு மோதிக்கொண்டிருந்தது.

ஊர் மக்களின் நிலைமைதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் உறுத்துவது. ஒப்படைப்பின்போது கொடுத்த வாக்குகளை ஆளுநர்கள் காப்பாற்றவில்லை என்று அவர்கள் வெனிசுக்கே தூதுக்குழு அனுப்பினார்கள். 1425 ஜூலையில் செனட் முன் 21 கோரிக்கைகள் வந்தன. 1429 ஜூலையில் மறுபடி ஒரு குழு, இந்த முறை 31. நான்கு வருடத்தில் பட்டியல் நீண்டதே ஒழியக் குறையவில்லை. மதிலைச் சரிசெய்யுங்கள், தானியம் ஒழுங்காக வரட்டும், எங்கள் வழக்கப்படி எங்கள் நீதி நடக்கட்டும், ஊரைவிட்டுப் போக நினைப்பவர்களைத் தடுக்காதீர்கள் என்பவையெல்லாம் அதில் உண்டு. செனட் பலவற்றுக்குச் சம்மதம் சொன்னது. வெனிசில் சொன்ன சம்மதம் தெசலோனிக்கிக்கு வந்து சேருவதற்குள் நீர்த்துப்போனது.

ஆளுநர்கள் பக்கமும் ஒரு கதை இருக்கிறது. அங்கே பதவி என்றால் யாருக்கும் ஆசையில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரபுக்களில் சிலர் போக மாட்டேன் என்று மறுத்தார்கள். போனவர்கள் தாங்கள் காக்க வேண்டிய மக்களையே சந்தேகித்தார்கள். துருக்கியரோடு பேசுகிறார்கள் என்று சில பெரிய குடும்பத்தாரைப் பிடித்துக் கிரீட்டுக்கு நாடு கடத்தினார்கள், பிறகு இத்தாலிக்கும் மாற்றினார்கள். ஊரை விட்டுப் போகிறவர்களைத் தடுத்தார்கள், ஆள் குறைந்தால் மதிலில் நிற்க யாரும் இருக்க மாட்டார்களே என்ற பயம். அப்படியும் ஜனம் வெளியேறிக்கொண்டே இருந்தது. 1423இல் இருபதாயிரத்திலிருந்து நாற்பதாயிரம் வரை என்று மதிப்பிடப்படும் மக்கள்தொகை, கடைசியில் பத்துப் பதின்மூன்றாயிரம் என்ற அளவுக்கு வந்துவிட்டது. மிஞ்சியவர்களிலும் பலர், 1387இல் சரணடைந்து துருக்கியர் கீழே இருந்த காலத்தை நினைத்து, அப்போது சாப்பாடாவது இருந்தது என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். 1429 செப்டம்பரில் சிமியோனும் இறந்தார். லத்தீன்காரர்களைக் கடைசிவரை வெறுத்தாலும் துருக்கியரிடம் சரணடையக் கூடாது என்று மக்களைப் பிடித்து நிறுத்தியவர் அவர்தான்.

1430 மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை, முராத் படையோடு வந்து மதிலுக்கு எதிரே நின்றார். அந்த மூன்று நாட்களை, ஊருக்குள் இருந்து பார்த்த யோவான் அனக்னோஸ்தேஸ் எழுதிவைத்திருக்கிறார். முதலில் சுல்தான் ஆட்களை அனுப்பி, சரணடைந்தால் உயிருக்கும் உடைமைக்கும் சேதமில்லை என்றார். அது எடுபடவில்லை. பிறகு அதே செய்தியை அம்பில் கட்டி ஊருக்குள் எய்தார்கள். உள்ளே வெனிசுக்காரர்கள் மக்கள்மேல் ஒரு கண் வைத்திருந்தார்கள், மக்கள் அவர்கள்மேல் ஒரு கண் வைத்திருந்தார்கள். ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் சுற்றளவுள்ள மதிலில் இரண்டு மூன்று ஞாயில்களுக்கு (மதில் உச்சியில் வீரர்கள் மறைந்து நிற்கும் பல் போன்ற தடுப்புகளுக்கு) ஓர் ஆள்தான் நிற்க முடிந்தது. அந்த ஆளிடமும் நல்ல ஆயுதம் இருந்ததா என்றால் பல பேரிடம் இல்லை.

28ஆம் தேதி இரவு நடந்தது விதியை முடித்து வைத்தது. துறைமுகத்தில் நின்ற மூன்று வெனிஸ் துடுப்புக் கப்பல்களைத் துருக்கியர்கள் எரித்துவிடலாம் என்ற பயத்தில், மதிலில் இருந்த வெனிஸ் வீரர்களில் பலரைக் கப்பல் காக்கக் கீழே இறக்கினார்கள். யாரிடமும் சொல்லவில்லை. இருட்டில் அவர்கள் துறைமுகம் நோக்கிப் போவதைப் பார்த்த ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள்? ஓடுகிறார்கள் என்றுதான். அவர்களும் தங்கள் இடங்களை விட்டு வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

விடிந்ததும் தாக்குதல். கிழக்கு மதிலில், மேடான திரிகோனியன் மூலைப் பக்கம் சுவர் பலவீனம் என்று தெரிந்து முராத் அங்கேதான் நின்றார். மண்ணும் மதிலும் எனக்கு, ஆளும் பொருளும் உங்களுக்கு என்று வீரர்களிடம் சொல்லியிருந்தார். வாளைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏணியில் ஏறிய ஒருவன் கோபுரத்தில் காயப்பட்டுக் கிடந்த வெனிசுக்காரனின் தலையை வெட்டிக் கீழே எறிந்தான். அதைப் பார்த்ததும் மதில் காலியானது. ஊருக்குள் சிலர் துறைமுகத்துப் பக்கக் கோபுரத்துக்கு ஓடினார்கள், அங்கே கதவு அடைத்துக் கிடந்தது. வெனிசுக்காரர்கள் கப்பலேறினார்கள். அவர்களிலும் இருநூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். ஊர்க்காரர்களில் ஏழாயிரம் பேர் அடிமைகளாகப் பிடிபட்டார்கள் என்கிறார் அனக்னோஸ்தேஸ். அவர்களில் ஒரு பகுதியைச் செர்பிய ஆட்சியாளர் ஜுராஜ் பிராங்கோவிச் தன் காசு கொடுத்து மீட்டார்.

தப்பிய இரண்டு ஆளுநர்களும் வெனிசில் கடமை தவறியதாகச் சிறையிலிடப்பட்டார்கள். செப்டம்பரில் வெனிஸ் முராதோடு சமாதானம் செய்துகொண்டு, ஊர் போனது போனதுதான் என்று ஒப்புக்கொண்டது. ஏழு வருடமாக ஏற்க மறுத்ததை ஐந்தாறு மாதத்தில் ஏற்றுக்கொண்டார்கள். வணிகர்களுக்கு ஏகியன் கடலில் வேலை இருந்தது.

கடைசியாக வெள்ளைக் கோபுரம். வெனிசுக்காரர்கள் கட்டியது என்று நெடுங்காலம் நம்பியவர்கள் உண்டு, சில பயணக் குறிப்புகளில் இன்னும் அப்படியே இருக்கிறது. அது உதுமானியர் கட்டியது, 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அந்த இடத்தில் அதற்கு முன்பு பழைய பைசாந்தியக் கோபுரம் ஒன்று நின்றிருக்க வேண்டும். அந்த ஏழு வருடத்துக்குப் பக்கத்தில் கல்லில் ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் ஊரின் உச்சிக்குப் போய்க் கோட்டை வாயிலைப் பாருங்கள். முராதின் முதல் ஆளுநர் சாவுஷ் பே அதைக் கட்டியதாக 1431ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. மதிலைச் சரிசெய்யுங்கள் என்று ஊர்க்காரர்கள் வெனிசிடம் மன்றாடிய காரியத்தை, பிடித்தவர்கள் ஒரே வருடத்தில் தொடங்கிவிட்டார்கள். அப்படியே கீழே இறங்கி அகீரோபியேத்தோஸ் தேவாலயத்துக்கு வந்தால், வடக்கு வரிசைத் தூண் ஒன்றில் சுல்தான் முராத் ஹிஜ்ரி 833இல் தெசலோனிக்கியை வென்றார் என்று அரபி எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். அது இன்றைக்கும் பிரார்த்தனை நடக்கும் தேவாலயம், பூசை நேரம் தவிர மற்ற நேரத்தில் போனால் நின்று பார்க்கலாம்.